வெள்ளை மாத்திரை

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டி வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிற இடத்திலெல்லாம் விருத்தாசலத்தின் கரிமூட்டம் புகைந்திருக்கிறது. முள்ளை வெட்டி, வேரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, கட்டைகளைக் கும்பலாக அடுக்குவார். மேலே வைக்கோலும் தழையும் போட்டு ஈரமண்ணை அப்பி மெழுகுவார். சுற்றிலும் ஓட்டை விட்டு நெருப்பு வைத்துவிட்டால், அப்புறம் அந்த மனிதர் யார் பேச்சையும் கேட்கமாட்டார். புகையைத்தான் கேட்பார். புகை வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் கட்டையிலிருக்கிற ஈரம் போகிறது, இன்னும் ஒன்றும் வேகவில்லை. நீலம் தட்டி, இருக்கிறதா இல்லையா என்று மெலிந்தால் கரி வெந்துவிட்டது, ஓட்டையை அடைக்கலாம். அவசரப்பட்டால் பாதி கட்டையாகவே நிற்கும். அசந்தால் அத்தனையும் சாம்பல்.

இது ஒன்றில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மற்ற எல்லாவற்றிலும் தன்னை ஏமாற்றுவதற்கென்றே ஊரில் ஆட்கள் பிறந்திருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். கரியை எடை போடுகிறவன், ஓட்டுக் கேட்டு வருகிறவன், போனில் கூப்பிட்டு இந்தியில் பேசுகிறவள், ஊசி போடுகிற டாக்டர், அத்தனை பேரும் அவருக்கு ஒரே கணக்குத்தான்.

அம்சவள்ளி இருமியது அந்த வீட்டில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. மூட்டத்தைப் பிரித்துக் கரி வாருகிற நாளில் மூக்கைச் சிந்தினால் கருப்பு, துப்பினால் கருப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கூடவே தண்ணீர் சுமந்து, மண் குழைத்து, மூட்டத்தில் வெடிப்பு கண்ட இடத்தில் ஏறி அடைத்துப் புகையைக் குடித்தவள். கருப்போடு சிவப்பு கலந்து வந்த அன்றுதான் அவளுக்குப் பயம் வந்தது. அதையும் புருஷனிடம் சொல்லவில்லை. வல்லத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மகள் கலையரசிக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகள் அங்கிருந்து கத்திய கத்தலில்தான் இரண்டு பேரும் திண்டிவனம் போய்ச் சளி கொடுத்தார்கள். அவளுக்கு டி.பி. என்று சொல்லிவிட்டார்கள்.

மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிற வேலை லூர்துசெல்விக்கு. சுகாதார நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். சின்ன வயசு, பேச்சில் அதட்டல் உண்டு.

"வெறும் வயித்துல முழுங்கணும்மா. ஒண்ணுக்குப் போனா செவப்பா வரும். பயந்துக்காதீங்க. மாத்தரயோட கலருதான் அது."

"கலரு எதுக்கும்மா வருது?" என்றார் விருத்தாசலம்.

"அந்த மருந்து அப்படித்தாங்க ஐயா."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. சவுரிராயனைப் போய்க் கேட்டார். சவுரிராயன் அவரோடு முள் வெட்டுகிற கூட்டாளி. இதே நோய் வந்து ஆறினவன்.

"கலரு வந்துச்சா மச்சான்?" என்றான் அவன்.

"வந்துச்சுடா. சாயம் போன துணிய அலசின தண்ணி மாரி."

"அப்ப கவலய வுடு. மருந்து உள்ள பூந்து வேல பாத்துக்கினு இருக்குது. நானு ரெண்டு நாளு போடாம வுட்டுட்டேன், கலரு நின்னுபோச்சி. அந்த ராவே இருமிக்கினு கெடந்தேன். கலருதான் மச்சான் கணக்கு."

"நம்ம பொக மாரின்னு சொல்லு."

"அதேதான்."

இது அவருக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னாலும் நம்பாதவர், கட்டை வெட்டுகிறவன் சொன்னதை நம்பிவிட்டார். அன்றிலிருந்து காலையில் பெண்டாட்டி ஒதுங்கிவிட்டு வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"இன்னா கலரு?"

"அட ச்சீ! கெழவன் கேக்குற கேள்வியப் பாரு. யாரு காதுலயாவது வுழப்போவுது."

"சொல்லுமே."

"ம்… சாமியாரு வேட்டி கலரு. போதுமா?"

அவர் சிரித்துக்கொண்டே மூட்டத்துக்குப் போவார். மாத்திரையும் கைமேல் பலன் காட்டியது. காய்ச்சல் விட்டது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. அவளே அடுப்பு மூட்டிக் கூழ் கிண்டினாள்.

தை கழிந்து மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற சமயம். வீட்டில் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல், வேண்டாம் வேண்டாமென்று அவர் சொல்லியும் கேட்காமல், காய் ஆய்கிற பெண்களோடு அம்சவள்ளியும் காட்டில் போய் உட்கார்ந்தாள். விடியற்காலைப் பனியில் செடியெல்லாம் நனைந்திருந்தது. நாலைந்து நாள் போனாள். பிறகு ஒரு சாயங்காலம் உடம்பு தூக்கிப் போட்டது. சுருண்டு படுத்தவள் எழவில்லை. இந்தத் தடவை சளியில் ரத்தம் இல்லை. பச்சையாக, மஞ்சளாக, கிண்ணம் கிண்ணமாக வந்தது. செத்த எலி நாற்றம். பக்கத்தில் போக விருத்தாசலமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

லூர்துசெல்விதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். படம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள். காய்ச்சல் தணிந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா கட்டிலருகே வந்தாள். அவளைச் சுற்றிப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம்.

"டி.பி. கிருமி அடங்கிட்டு வருதும்மா. மாத்திரை நல்லா வேலை செய்யுது. ஆனா அது நுரையீரல்ல ஒரு பொந்து போட்டு வச்சிருக்கு. அந்தப் பொந்துல இப்ப வேற ஒரு கிருமி வந்து குடியேறிடுச்சு. டி.பி. மாத்திரைக்கு இது சாகாது. இதுக்குத் தனியா இந்த வெள்ளை மாத்திரை. சாப்பிட்டதும் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு மருந்தும் ஓடணும். நடுவுல விட்டா ஆபத்து."

"ஏங்கம்மா, இந்த மாத்தரக்கி கலரு வருங்களா?" என்று கேட்டார் விருத்தாசலம்.

"என்ன கலர்?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் ஒண்ணுக்கு என்று எப்படிச் சொல்வது? விரலை அப்படியும் இப்படியும் காட்டினார். பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்துவிட்டது. டாக்டரம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட, அங்கே போய்விட்டாள். விருத்தாசலத்துக்குக் காது சிவந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்தது வினை. டி.பி.க்குச் சிவப்பு மாத்திரை விடியலில். கஞ்சி குடித்ததும் வெள்ளை மாத்திரை. வெள்ளை உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அம்சவள்ளி குடித்த கஞ்சியைக் கொண்டுவந்து விடுவாள். வயிறு வேறு பிடுங்கிக்கொண்டு போயிற்று. எழுந்து போகவும் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராவுல வெள்ள மாத்தர போட்டியே. விடியக்கால இன்னா கலரு?"

"ஒரு கலரும் இல்ல. வெறும் தண்ணிதான். ஆள வுடுய்யா, படுக்கணும்."

"செவப்பு மாத்தர போட்டப்புறம்?"

"அது எப்பவும் வர்ற கலருதான்."

மறுநாளும் அதே பதில். விருத்தாசலம் வாசலில் குந்தி யோசித்தார். சிவப்பு வேலை செய்கிறது, தெரிகிறது. வெள்ளை உள்ளே போகிறது, வெளியே ஒன்றும் காட்டவில்லை. காட்டுவதெல்லாம் வாந்தி. ஈரக்கட்டை விடுகிற வெள்ளைப் புகைதான் இதுவும். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைகள் மொத்தமாக வந்து அவள் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்ததும், சிரித்ததும் நினைவுக்கு வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்குப் பழக ஒரு ஆள் வேண்டும், அதற்கு இளிச்சவாயன் பெண்டாட்டி கிடைத்தாள். கணக்கு நேராகிவிட்டது அவருக்கு.

"லூர்து போன் பண்ணிச்சு. வெள்ள மாத்தர இனிமே வாணாமாம்," என்றார் உள்ளே வந்து.

அம்சவள்ளி அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாத்திரை அட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு போய் மூட்டத்தின் வாயில் போட்டார். உள்ளே இழுத்துக்கொண்டது.

அதற்கடுத்த நாலு நாளைப் போல அந்த வீட்டில் சமீபத்தில் நல்ல நாள் கண்டதில்லை. வாந்தி நின்றது. அவரே கேப்பை மாவைக் கொட்டிக் களி கிண்டினார். பொம்மையார்பாளையத்துக் கருவாட்டுக்காரியிடம் வாங்கி வைத்திருந்த வாளைக் கருவாட்டைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

"உப்பு எங்கய்யா? கருவாட்டுலயே உப்பு இருக்கும்னு வுட்டுட்டியா?"

"துன்றதே பெருசு, இதுல நொட்ட வேற சொல்ற."

"ஒன் கொழம்பத் துன்னுட்டுத்தான் கிருமி ஓடப்போவுது. இன்னும் ரெண்டு உருண்ட போடு."

போட்டார். அவள் விரலை நக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். தான் செய்தது சரி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

லூர்துசெல்வி வந்தபோது அம்சவள்ளி உள்ளே படுத்திருந்தாள். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட வேண்டுமென்று விருத்தாசலம் முன்னால் வந்து நின்றார்.

"வெள்ள மாத்தர ஓடுதுங்களா ஐயா?"

"ஓடுது, ஓடுது."

"வாந்தி வந்துச்சின்னா சொல்லுங்க. டாக்டருகிட்ட கேட்டு வேற ஏதாவது மாத்தித் தருவாங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, இன்னா?"

"வாந்தியெல்லாம் இல்லம்மா."

"காலி அட்டய எடுத்துக்கினு வாங்க, பாத்துட்டுப் போறேன்."

"நெருப்புல போட்டுட்டேனே."

அது உண்மைதான். மாத்திரையோடு போட்டதை மட்டும் சொல்லவில்லை. லூர்துசெல்வி ஸ்கூட்டியைக் கிளப்பாமல் கொஞ்சம் நின்றாள்.

"ஒங்கள நம்பித்தான் போறேன்," என்றாள்.

பங்குனி வெயில் ஏறியது. ரோட்டோரம் தர்பூசணியைக் குவித்து வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பழத்தை உடைத்துக்கொண்டு வந்தால் வாய் நனைக்க ஆகும் என்று போய் வாங்கிவந்தார் விருத்தாசலம். அம்சவள்ளி பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விலா ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. உதடு நாவற்பழம் தின்றவள் உதடு போலிருந்தது. காலடியில் கிண்ணம் நிறைந்து வழிந்து, பழைய நாற்றம் வீடெங்கும் அடித்தது.

108க்குப் போன் போட்டது சவுரிராயன். விருத்தாசலம் மூட்டத்தை அவனிடம் விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. மூக்கில் வாயில் மூடி போட்டு மூச்சு கொடுத்தார்கள். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தவள் நேரே கட்டிலுக்கு வந்தாள்.

"ரெண்டு பக்கமும் பரவிடுச்சு. கவனமாக் கேளுங்க. அந்த வெள்ளை மாத்திரைக்கு இந்தக் கிருமி சாகணும். முழுசாப் போட்டும் சாகலைன்னா, அது மருந்துக்கு அடங்காத கிருமி. அப்ப வேற கடுமையான ஊசிக்குத்தான் போகணும். இப்ப இருக்கிற நிலைமைக்கு அது கிட்னியை வாங்கிடும். மாத்திரையே போடலைன்னா வேற வழி இருக்கு. அதனால கேக்கறேன். ஒழுங்காப் போட்டாங்களா?"

விருத்தாசலம் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். கட்டிலில் கிடந்தவள் மூடியை விலக்கினாள்.

"போட்டேங்க… அவருதான்… கையில எடுத்துக் குடுத்தாரு. நாளு தவறல."

சொல்லிவிட்டு இரைத்தாள். நர்ஸ் மூடியைப் போட்டுவிட்டது. டாக்டரம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பி, அந்தக் கடுமையான ஊசியின் பெயரைச் சொன்னாள். நர்ஸ் எடுக்கப் போயிற்று.

பெண்டாட்டி தனக்காகப் பொய் சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும், யாருக்கும் தெரியாது. ஊசி வந்து ஏறும். விருத்தாசலம் வாழ்நாளில் எந்த டாக்டர் பின்னாலும் நடந்ததில்லை. அன்று நடந்தார்.

"அம்மா. இரும்மா. அவ போடல."

டாக்டரம்மா நின்றாள்.

"வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு குடுத்தேன். அப்பறம் நான்தான் குடுக்கல. நெருப்புல போட்டுட்டேன்."

"ஏன்?"

"கலரு வரலம்மா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா புரியாமல் நின்று, பிறகு புரிந்துகொண்டாள். அன்று அவர் விரலைக் காட்டியது இப்போதுதான் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும்.

"அந்த மாத்திரைக்குக் கலரே வராது பெரியவரே," என்றாள் மெதுவாக.

அன்றைக்கே கேட்டேனே என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவள் நர்ஸைக் கூப்பிட்டு வேறு ஊசி சொன்னாள். "நேரத்துக்குச் சொல்லலைன்னாலும் சொன்னீங்களே," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் அம்சவள்ளிக்குக் கொஞ்சம் மூச்சு ஆறினாற்போலிருந்தது. சாடை காட்டி அவரைக் குனியச் சொன்னாள். முகத்தில் கோபம்.

"எதுக்குச் சொன்ன? நாலு பேருக்கு முன்னால…"

"சொல்லலன்னா ஒன்னக் கொன்னுருப்பாங்கடி."

"எனக்குத் தெரியும்யா."

"இன்னா தெரியும்?"

"அந்தப் பொண்ணு வந்து கேட்டுதே… உள்ளதான படுத்துகினு இருந்தேன். நீ ஓடுது ஓடுதுன்ன."

விருத்தாசலம் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பவே ஏன்டி கேக்கல?"

"கேட்டா குடுப்ப. குடுத்தா வாந்தி. எத்தினி நாளு கழிச்சி பசின்னு ஒண்ணு வந்துது… களி துன்னேன் பாரு…" சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. துடைத்துவிட்டார். "நானும் சேந்துதான் பண்ணேன். நீயே தூக்கிச் சொமக்காத."

கொஞ்ச நேரம் மூடிக்குள் மூச்சு வாங்கினாள்.

"கலைகிட்ட சொல்லாத."

"ஏன்?"

"அவ ஒன் புத்திக்காரி. வெறுத்தா வெறுத்ததுதான். நான் போயிட்டா ஒனக்குக் கஞ்சி ஊத்த அவள வுட்டா யாரு இருக்கா? சொல்லக்கூடாது. கையில அடி."

"நீ போறன்னு ஒனக்கு யாரு சொன்னது? பேசாம படு."

"கையில அடிய்யா."

அடித்தார். அவள் கை சுட்டது.

ஊசி ஏறிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா அடிக்கடி வந்து பார்த்தாள். ஆனால் மண் வெடித்து நெருப்பு வெளியே வந்துவிட்ட மூட்டத்தை யார் என்ன செய்ய முடியும்? இரண்டு நாள் இழுத்துக்கொண்டிருந்தது. வெந்நீர் வாங்கி வருவதற்காக விருத்தாசலம் கீழே போயிருந்தார். பிளாஸ்கோடு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் சாமியானா கட்டி, பெஞ்சு போட்டு, அம்சவள்ளியைக் கிடத்தி மாலை போட்டிருந்தது. வல்லத்திலிருந்து வேன் வந்து நின்றதும் கலையரசி இறங்கி ஓடிவந்து தாய் மேல் விழுந்தாள். அவளைத் தூக்க நாலு பெண்கள் வேண்டியிருந்தது. அழுது ஓய்ந்து தலைமுடியை அள்ளிச் சொருகியவள், தள்ளி இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்தாள். அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"தேறிட்டா தேறிட்டான்னியேப்பா. போன்ல நல்லாத்தான பேசுச்சி. களி துன்னேன்னு சொல்லுச்சி."

அவர் அவள் தலையில் கை வைத்தார்.

"புதுசா ஏதோ மாத்தர குடுத்தாங்களாமே. அத ஒழுங்காக் குடுத்தியாப்பா?"

அவளுடைய கண் அவருடைய கண். எதையும் ஒரு பேச்சில் நம்பாத கண். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வது டாக்டரிடம் உண்மையைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. உள்ளங்கை இன்னும் சுட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது.

"குடுத்தேம்மா," என்றார். "எல்லாம் குடுத்தேன்."

கலையரசி நம்பிவிட்டாள். அவர் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். "நீ இன்னாப்பா பண்ணுவ. நீ இன்னா பண்ணுவ," என்றாள். பிறகு எழுந்து போய்ப் பெண்கள் வட்டத்தில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்துகொண்டு, மாரில் அடித்து ஒப்பாரியை எடுத்தாள்.

"மருந்து குடுத்த கையிருக்க – என்னப் பெத்தாளே
மண்ணு கொள்ளப் போறியேம்மா…
நேரம் பாத்து ஊட்டின எங்கப்பன – என்னப் பெத்தாளே
நெலத்துல தனியா வுட்டியேம்மா…"

விருத்தாசலம் சட்டென்று எழுந்தார். பக்கத்திலிருந்த சவுரிராயன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"எங்க மச்சான் போற? ஒக்காரு. அழுது தீக்கட்டும்."

உட்கார்ந்தார். யாரோ டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். மருந்து குடுத்த கை, மருந்து குடுத்த கை என்று வாசலெல்லாம் அழுதது. அடுத்த சுற்று வரும்போது, மகள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த அடியை எல்லாப் பெண்களும் சேர்ந்து எடுத்தார்கள்.